வலது கால் இயலாதவருக்குக் கைப் பிரேக்: மலைப்பாதையில் நெடுநாள் ஓட்டியதில் தெரிந்தவை

வலது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால் போட்டவர் 100 சிசி கியர் பைக் ஓட்டும்போது உண்மையாகவே இடறுவது பின் பிரேக்கில்தான். மிதியை எவ்வளவு அழுத்துகிறோம் என்பது செயற்கைப் பாதத்துக்குத் தெரியாது. முன் பிரேக் மட்டும் போதாதா என்று கேட்பவர்கள் சமதரையில் ஓட்டுகிறவர்கள். சரளையும் ஈர இலையும் கிடக்கும் தோட்டத்துப் பாதை இறக்கத்தில் முன் சக்கரம் பூட்டிக்கொண்டால் விழுவது நிச்சயம். பின் பிரேக்கை இடது கைக்கு மாற்றிய பைக், இலங்கை மலையகத்தின் ஹற்றன், மஸ்கெலியா பக்கத்துத் தென்மேல் பருவ மழையிலும் ஓடித் தேறியிருக்கிறது. ஆனால் வேலை சரியாக நடந்திருக்க வேண்டும்.

பெருவிரலால் அழுத்தும் பிரேக் பலருக்கும் ஆசை. 1992இல் அசென் பந்தயத் தடத்தில் வலது கால் நொறுங்கிய அவுஸ்திரேலிய பைக் பந்தய வீரர் மிக் டூஹன், இடது கைப்பிடியில் பெருவிரல் பிரேக் வைத்து மீண்டுவந்து, 1994 முதல் 1998 வரை 500 சிசி உலகப் பட்டத்தை விடாமல் வென்றார். அது திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ரோலிக் டிஸ்க். நம் ஊர் பைக்கின் டிரம்மைக் கேபிளால் இழுக்கப் பெருவிரல் பலம் காணாது. முழு லீவர் வேண்டும். கிளட்ச் லீவருக்குக் கீழே, விரல் நசியாதபடி 3 சென்ரிமீற்றராவது இடைவெளி விட்டுப் பூட்டலாம். நிறுத்தும்போது முதலில் பிரேக், வண்டி நிற்கப்போகும் நேரத்தில்தான் கிளட்ச் என்று கை பழக வேண்டும். ஏற்றத்தில் கிளப்பும்போது இடது கைக்குக் கிளட்ச் மட்டும். வண்டியைப் பிடித்து வைப்பது வலது கையின் இரண்டு விரல் முன் பிரேக். ஸ்கூட்டர் லீவரில் வரும் லொக்கைச் சேர்த்தால் சரிவில் நிறுத்திவைக்க உதவும், கிளப்ப அல்ல. பழைய ஹொண்டா கப் வகை வண்டி கிடைத்தால் இந்தச் சிக்கலே இல்லை: கிளட்ச் லீவர் கிடையாது, இடது கை சும்மாதான் இருக்கிறது.

லீவரில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. கெடுவது கேபிளின் கீழ் முனை. கேபிள் உறை வந்து நிற்கும் தாங்கியைச் சில கராஜ் பாஸ்மார் சேசியில் பற்றவைத்துவிடுகிறார்கள். பின்னால் ஒருவர் ஏறியதும் சொக்கப்சோபர் அமுங்கி, கேபிள் இறுகி, பிரேக் தானாகவே உரசும்; அல்லது தளர்ந்துவிடும். தாங்கி, பின் சக்கரத்தோடு ஏறி இறங்கும் ஸ்விங் ஆர்மில்தான் இருக்க வேண்டும், அதுவும் பற்றவைக்காமல் 4 மில்லிமீற்றர் தகட்டில் கிளாம்பாக. மெல்லிய குழாயைச் சுட்டால் பிறகு அந்த ஓரத்திலேயே வெடிக்கும்.

அடுத்தது டிரம்மின் பிரேக் கை, அதாவது டிரம்முக்கு வெளியே கேபிள் இழுக்கும் நெம்பு. 75 மில்லிமீற்றர் கையை 100 ஆக்கினால் பிடி மூன்றிலொரு பங்கு கூடும், கேபிளும் அதே அளவு கூடுதலாக ஓட வேண்டும். உள்ளே உரசிப் பிடிக்கும் ஷூ டிரம்மைத் தொடும் இடத்தில் கேபிளுக்கும் கைக்கும் நடுவே ஏறக்குறைய 90 பாகை இருக்கட்டும். ஷூ தேயத் தேய அந்தக் கோணம் கடந்துபோகும். அப்போது பிரேக் கையைக் கழற்றி, அது பொருந்தும் அச்சில் ஒரு பல் பின்னால் போட வேண்டும். நீட்டிய கை கீழே தொங்கிக் கல்லில் அடிபடுகிறதா என்றும் பாருங்கள். பழைய மிதிக் கம்பியைக் கழற்ற வேண்டாம். கேபிள் இழுக்கும்போது அது நட்டோடு சும்மா நழுவும், வேறொருவர் ஓட்டவும் உதவும்.

கேபிள் இடது கைப்பிடியிலிருந்து டேங்குக்கு அடியால் வலப்பக்கம் கடந்து, சைலன்சரைத் தொடாமல் போக வேண்டும். ஹாண்டிலை இரு பக்கமும் முழுதாகத் திருப்பிப் பாருங்கள்: எங்காவது இறுகினால் கொண்டை ஊசி வளைவில் பிரேக் தானாகப் பிடிக்கும். பிரேக் லைட்டை மறந்துவிடுவது சாதாரணம். மிதியின் சுவிட்ச் இனி இழுபடாது. புது லீவரில் உள்ள சுவிட்சிலிருந்து அதற்கு இணையாக வயர் எடுக்க வேண்டும். பனிமூட்டத்தில் பின்னால் வரும் பஸ்ஸுக்குத் தெரிவது அந்த விளக்கு மட்டும்தான்.

கடைசியாகத் தெரியவரும் குறை சூடு. நுவரெலியாவிலிருந்து றம்பொடைக்கு இறங்கும்போது பிரேக்கைத் தொடர்ந்து பிடித்தால் டிரம் விரிந்து ஷூவிலிருந்து விலகும். கால்மிதிக்கு இன்னும் கீழே போக இடமுண்டு. கை லீவர் கைப்பிடியில் இடித்து நின்றுவிடும். இரண்டாம் கியரில் எஞ்சின் பிடியில் இறங்கி, வளைவுக்கு முன் மட்டும் பிரேக்கை அழுத்தி விட வேண்டும். சூட்டோடு கேபிளை இறுக்கும் நட்டை முறுக்கக் கூடாது; ஆறியதும் ஷூ உரசும். குளிர்ந்த டிரம்மில், லீவர் நுனியில் 15 முதல் 20 மில்லிமீற்றர் ஆட்டம் வைத்துச் சரிசெய்யுங்கள். செயினை இறுக்கினால் சக்கரம் பின்னகரும், அப்போதும் இதைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

புதுக் கேபிள் முதல் சில வாரம் நீளும், அது இயல்பு. மழையில் தண்ணீர் கீழ் முனையில் தேங்கித் துருப்பிடித்தால் இழை இழையாக அறும். ரப்பர் உறை போட்டு, லீவர் முனையிலிருந்து மெல்லிய எண்ணெய் விடலாம். ஒரு இழை அறுந்து தெரிந்தாலும் கேபிளை மாற்றிவிடுங்கள்.

இடது கால் இயலாதவருக்கு இந்த மாற்றத்தால் பயனில்லை. அவருக்குச் சிக்கல் கியரும், நிற்கும்போது ஊன்றுவதும். யாருக்காயினும், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்திலும் காப்புறுதியிலும் முன்கூட்டியே கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிய பிறகே வண்டியைக் கராஜில் விடுங்கள்.