பிறந்த பிள்ளையின் இதயம்: ஸ்டெதஸ்கோப்பா, ஒக்சிமீற்றரா?

ஸ்டெதஸ்கோப் பிறவி இதயக் கோளாறின் இரைச்சலைப் பிடிக்கும். ஆனால் பெருநாடியும் நுரையீரல் நாடியும் இடம்மாறிய பிள்ளைக்குப் பெரும்பாலும் இரைச்சலே இராது; உடல் நீலம் பாய்ந்தாலும் கறுத்த தோலில் இலேசில் தெரியாது, நாக்கைப் பார்க்கவேண்டும்.

அந்தக் குறையை, இரத்தத்தில் ஒட்சிசன் எத்தனை வீதம் என்று தோலின் மேலிருந்தே அளக்கும் ஒக்சிமீற்றர் நிரப்பும். 24 மணித்தியாலம் கழிந்ததும் வலது கையிலும் ஒரு காலிலும் பாருங்கள். இரண்டிலும் 95 வீதமோ மேலோ, வித்தியாசம் 3க்குள் என்றால் சரி. ஏதாவது ஒன்று 90க்குக் கீழே என்றால் உடனே வைத்தியர். இடைப்பட்டால் ஒரு மணித்தியாலத்தில் திரும்பவும். கால் குளிர்ந்திருந்தால் அளவு பிழைக்கும்.

பெருநாடி ஒடுக்கத்தை இரண்டுமே தவறவிடலாம். தொடை நாடியை விரலால் தொட்டே ஆகவேண்டும்.

ஒன்றைத்தான் புதிதாக வாங்கலாமென்றால் ஒக்சிமீற்றரையே வாங்குங்கள். இதயச் சிகிச்சைக்குப் பிள்ளையை அனுப்பவேண்டுமென்றால் முல்லைத்தீவிலிருந்து கொழும்பு நெடுந்தூரம். பெருநாடியையும் நுரையீரல் நாடியையும் இணைக்கும், பிறந்தபின் மூடிவிடும் நாளம் மூடாதிருக்கப் புரொஸ்டாகிளான்டின் என்ற மருந்தை ஏற்றி அனுப்பினால் வழியில் மூச்சு நிற்கக்கூடும். அம்புலன்ஸில் மூச்சூட்டும் பையும் முகமூடியும் கைக்கெட்ட இருக்கட்டும்.