லெஸ்வோஸ் தீவில் பறவைப் பயணம்: நோக்கர் குழுவா, ஒளிப்படக் குழுவா?

கிரேக்க நாட்டின் லெஸ்வோஸ் தீவுக்கு இரண்டு வசந்த காலங்களில் போய் வந்திருக்கிறேன். முதல் முறை ஏழு பேர் கொண்ட பறவை நோக்கர் குழுவோடும், அடுத்த முறை நால்வர் மட்டுமே இருந்த ஒளிப்படக் குழுவோடும் போனேன். இரண்டு முறையும் தங்கியது கல்லோனி வளைகுடாவின் கரையிலுள்ள ஸ்கலா கல்லோனிஸ் என்ற சிற்றூரில்தான். சுற்றிய இடங்களும் பெரும்பாலும் அவையேதான். ஆனாலும் இரண்டும் ஒரே பயணத்தின் இரண்டு விலைகள் அல்ல என்பது வீடு திரும்பிப் படங்களைப் பிரித்துப் பார்த்தபோதுதான் உறைத்தது. கேமராவோடு போகிறவருக்கு எது தகும் என்று கேட்டால் என் சாய்வு ஒளிப்படக் குழுவின் பக்கம்தான். அதை முதலிலேயே சொல்லிவிட்டுக் காரணத்துக்கு வருகிறேன்.

ஏன் இந்தத் தீவு என்பதற்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. துருக்கிக் கரை கண்ணுக்குத் தெரியும் தொலைவில் இருப்பதால் சிற்றாசியாவின் பறவைகள் சில இங்கும் கூடு கட்டுகின்றன. மரத்தண்டுகளில் ஏறித் திரியும் க்ரூப்பர் நட்ஹாட்ச் என்ற சிறு பறவை கிரேக்கத்திலேயே இந்த ஒரு தீவில்தான் உண்டு. ஆப்பிரிக்காவிலிருந்து வடக்கே திரும்பும் பறவைகள் ஏப்ரல் இரண்டாம் பாதியிலிருந்து மே நடுப்பகுதி வரை இங்கே இறங்கி இளைப்பாறுகின்றன. ஷெங்கன் விசா, ஏதென்ஸ் வழியாகத் தீவின் தலைநகரான மிடிலினிக்கு விமானம், அங்கிருந்து தீவின் நடுவே கார்ப் பயணம், வளைகுடாவின் மத்தி மீன் ஆகியவை எந்தக் குழுவில் போனாலும் ஒன்றுதான். கட்டணம் மட்டும் வேறு. ஒளிப்படக் குழுவுக்கு நான் கொடுத்தது முந்தையதைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

நோக்கர் குழுவின் பலம் வழிகாட்டியின் காது. மோலிவோஸுக்கும் பெட்ராவுக்கும் இடையே கவாகி என்னும் சாலையோரச் சரிவில், நாங்கள் வண்டியை விட்டு இறங்கும் முன்பே, கீழே புதரில் ருப்பெல் கதிர்க்குருவி பாடுகிறது என்று அவர் சொல்லிவிட்டார். கரிய தொண்டையும் அதற்கு மேல் வெள்ளை மீசைக்கோடும் கொண்ட ஆண் பறவை புதரின் உச்சிக்கு வந்தபோது ஏழு பேரும் ஆயத்தமாக நின்றோம். மேற்கே எரிமலைக் குன்றின் மேலிருக்கும் இப்சிலோ மடாலயத்தில், பாறையோடு பாறையாக அமர்ந்திருந்த சினேரியஸ் பண்டிங்கையும் அப்படித்தான் கண்டோம். தானாகப் போயிருந்தால் அந்தச் சாம்பல் பறவையை ஒரு கல்லென்று கடந்திருப்பேன். ஒரு வாரத்தில் என் பட்டியலில் 140 இனங்களுக்கு மேல் சேர்ந்தன. பட்டியல்தான் உங்கள் மகிழ்ச்சி என்றால் மேற்கொண்டு படிக்கத் தேவையில்லை, நோக்கர் குழுவிலேயே சேர்ந்துவிடலாம்.

எனக்கு அது போதவில்லை. காரணம் வண்டியின் ஜன்னல். கேட்பதற்குச் சிறுபிள்ளைத்தனமாக இருக்கலாம், ஆனால் இரண்டு பயணங்களுக்கும் இடையே எனக்குத் தெரிந்த வேறுபாடு ஏறக்குறைய முழுவதும் அதில்தான் அடங்கியிருந்தது.

ஸ்பெயினின் மயோர்க்கா தீவிலுள்ள அல்புஃபேரா சதுப்பு நிலத்தில் மரத்தால் கட்டிய மறைவிடங்கள் உண்டு. உள்ளே உட்கார்ந்து துளை வழியே லென்ஸை நீட்டலாம். லெஸ்வோஸில் அப்படிக் கட்டப்பட்டவை மிகக் குறைவு. இங்கே மறைவிடம் என்றால் கார்தான். நிமிர்ந்து நிற்கும் மனித உருவத்தைக் கண்டு ஐம்பது மீட்டரிலேயே எழும்பும் நெடுங்கால் உள்ளான், மெதுவாக உருண்டு வந்து நிற்கும் காரைப் பத்து மீட்டர் வரை பொருட்படுத்துவதில்லை. கதவு திறக்கும் ஓசை கேட்டதும் அந்தச் சலுகை முடிந்துவிடும். ஆகவே படம் எடுப்பதெல்லாம் உட்கார்ந்த இடத்திலிருந்து, இறக்கிவிட்ட கண்ணாடியின் மேல் லென்ஸைச் சாய்த்து, எஞ்சினை நிறுத்தியபின்தான் நடக்க வேண்டும். எஞ்சின் ஓடினால் அதன் அதிர்வு படத்தில் தெரியும்.

முதல் பயணத்தின் சிற்றுந்தில் முன்வரிசைக் கண்ணாடிகள் மட்டுமே இறங்கும். பின்னாலிருந்தவை ஒட்டி அடைக்கப்பட்ட கண்ணாடிகள். எங்கே நிறுத்தினாலும் எல்லோரும் இறங்கித்தான் ஆக வேண்டும். தொலைநோக்கியை முக்காலியில் ஏற்றி ஒவ்வொருவராகக் குனிந்து பார்க்கும் நோக்கருக்கு எண்பது மீட்டர் தொலைவு ஒரு பொருட்டே இல்லை; எனக்கோ அது பாதிப் படத்தின் இழப்பு. மெட்டோகி ஏரியின் நாணல் விளிம்பில் சிறிய காணாங்கோழி ஒன்று திறந்த சேற்றுக்கு வருவதும் உள்ளே மறைவதுமாக இருந்த காலையில், நாணலின் நிழல் விலகி ஒளி அதன் மேல் விழ இன்னும் கால் மணி நேரம் தேவைப்பட்டது. ஆறு பேர் நன்றாகப் பார்த்து முடித்துவிட்டார்கள். சீக்னியாஸ் ஆற்றின் முகத்தில் அரிய ஆலா ஒன்று வந்திருப்பதாகச் செய்தியும் வந்தது. அவர்களைக் குறை சொல்ல முடியாது, அவர்கள் வந்ததே அதற்குத்தான். நான் முக்காலியை மடித்துக்கொண்டு ஏறினேன்.

ஒளிப்படக் குழுவில் நால்வருக்கு இரண்டு சிறிய கார்கள் இருந்தன. ஒன்றை வழிகாட்டியும் மற்றதை அவருடைய உதவியாளரும் ஓட்டினார்கள். கிரேக்கத்தில் ஓட்டுநர் இடப்பக்கம் அமர்வார். ஆகவே எங்களில் ஒருவர் முன்னால் வலப்பக்கத்திலும் மற்றவர் அவருக்கு நேர் பின்னாலும் அமர்ந்தோம். இருவருக்கும் ஒரே பக்க ஜன்னல். இதன் அருமை கல்லோனி உப்பளத்தில் தெரிந்தது. பாத்திகளின் மேற்கு ஓரமாக ஒரு மண்பாதை போகிறது. காலையில் அங்கிருந்து பார்த்தால் சூரியன் நேர் எதிரே. பூநாரைகள் வெறும் கரிய உருவங்களாகத் தெரியும். மாலையில் சூரியன் முதுகுப் பக்கம் வந்துவிடும். எங்கள் வழிகாட்டி ஐந்தரை மணிக்கு, எங்கும் நிற்காமல் முதலில் பாதையின் தென்கோடிக்கு ஓட்டிப்போய், அங்கே வண்டியைத் திருப்பி வடக்கு நோக்கி நகரத் தொடங்கினார். வடக்கே முகம் வைத்தால் பாத்திகள் முழுவதும் வலக்கைப் பக்கம் வரும், அதாவது இரண்டு கேமராக்களின் பக்கம். ஏப்ரல் கடைசியில் சூரியன் மறைய எட்டு மணியாகிவிடுகிறது. அந்தச் சிறு தூரத்தைக் கடக்க இரண்டு மணி நேரத்துக்கும் மேல் எடுத்துக்கொண்டோம். வாய்க்காலில் நின்றிருந்த நெடுங்கால் உள்ளான் ஒன்று தலையைச் சாய்த்துக் காலைச் சொறிந்ததும், அதன் சிவந்த கால்கள் நீரில் உடைந்து மறுபடி கூடியதும் என் படங்களில் இருக்கின்றன. முந்தைய ஆண்டு அதே வாய்க்காலில் அதே பறவையைப் பார்த்திருந்தேன்; பட்டியலில் ஒரு வரியாக.

சீக்னியாஸ் ஆற்றை வண்டிகள் கடக்கும் நீர்த்துறையிலும் இதே கதைதான். கறுப்புத்தலை கொண்ட மஞ்சள் வாலாட்டிகள் அங்கே குளிக்க வரும். காரை நிறுத்தி நாற்பது நிமிடம் ஒன்றுமே நடக்காமல் கழிந்தது. அதன்பின் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அந்த வெற்று நாற்பது நிமிடங்களைத்தான் ஒன்றரை மடங்கு கட்டணம் கொடுத்து வாங்கினேன் என்று நினைக்கிறேன். கூடவே ஒரு சிறு யோசனை: லென்ஸுக்கு அணையாக ஜன்னலில் வைக்கும் பீன் பேக்கை வெறும் துணிப்பையாக மடித்துக் கொண்டுபோய், கல்லோனிக் கடையில் இரண்டு கிலோ அரிசி வாங்கி நிரப்பிக்கொள்ளுங்கள். விமானத்தில் எடை மிச்சம், முக்காலியும் தேவைப்படாது.

இனி மறுபக்கம். இந்தப் பயணத்தில் நான் கண்ட இனங்கள் தொண்ணூற்றைத் தாண்டவில்லை. கார் போக முடியாத இடங்களில் ஒளிப்பட வழிகாட்டியின் திறமை பாதியாகிவிடுகிறது. அக்லாதெரி பைன் காட்டில் க்ரூப்பர் நட்ஹாட்ச்சைத் தேடி நடந்தபோது, அவர் கண்ணால் தேடினார். முந்தைய ஆண்டு வழிகாட்டி ஒலியால் கண்டுபிடித்திருந்தார். அதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. இந்தப் பறவை பட்ட மரக்கட்டைகளில், பல சமயம் ஆள் உயரத்துக்கும் கீழே, பொந்து குடைந்து கூடு வைக்கிறது. அது தெரிந்த ஒளிப்படக்காரர்கள் பொந்தின் எதிரே முக்காலிகளை வரிசையாக நட்டுவிடுகிறார்கள். இரையோடு வரும் தாய்ப்பறவை கிளையிலேயே காத்து நிற்கிறது. எங்கள் வழிகாட்டி கூட்டுக்குப் போகவும் மறுத்தார், பதிவு செய்த குரலை ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைக்கவும் மறுத்தார். எல்லாக் குழுக்களும் இப்படி இருக்கும் என்று இரண்டே பயணங்களை வைத்து உறுதி சொல்ல மாட்டேன். பணம் கட்டுமுன் இதைக் கேட்டுவிடுவது நல்லது. பதிலில் தயக்கம் தெரிந்தால் நோக்கர் குழுவே மேல்.

மூன்றாவதாக, வழிகாட்டி இல்லாமல் காரை வாடகைக்கு எடுத்துத் தானே ஓட்டும் வழியும் உண்டு. பன்னாட்டு ஓட்டுநர் உரிமத்தோடு பயணத்தின் முடிவில் இரண்டு நாள் செய்து பார்த்தேன். ஜன்னல் முழுவதும் நம் வசம் என்பது உண்மைதான். ஆனால் தனியாக ஓட்டுகிறவருக்குக் கிடைப்பது இடப்பக்க ஜன்னல் என்பதால், உப்பளத்தை வடக்கிலிருந்து தெற்காக ஓட்ட வேண்டும். சிக்ரிக்குப் போகும் மேற்குச் சாலையின் வளைவுகளில் பறவையையும் சாலையையும் ஒரே கண்ணால் பார்க்க முடியாது. இடங்கள் ஏற்கெனவே தெரிந்திருந்ததால்தான் அந்த இரண்டு நாட்களும் வீணாகவில்லை. முதல் முறை வருகிறவர் இதை மட்டும் நம்பலாமா என்பதற்கு இரண்டு நாள் அனுபவம் போதாது. இலையுதிர்கால வலசையின்போதும் நான் போனதில்லை. இங்கே சொன்னவை வசந்தத்துக்கு மட்டுமே.

அடுத்த ஏப்ரலுக்கு அக்லாதெரிக்கு மட்டும் ஒரு நாள் உள்ளூர் நோக்கர் வழிகாட்டியை வைத்துக்கொண்டு, மற்ற நாட்களை ஒளிப்படக் குழுவோடு கழிப்பதாகத் திட்டம். சென்ற முறை கூட்டிச் சென்றவர் அந்த ஏப்ரலில் வரப்போவதில்லை என்பதால் வேறொரு குழுவுக்கு எழுதி, பயணத்திட்டம், அறை, உணவு எதையும் கேட்காமல் ஜன்னலை மட்டும் கேட்டேன். பின் இருக்கைக் கண்ணாடி பாதிவரை இறங்கும் என்று பதில் வந்திருக்கிறது. என் லென்ஸின் முகப்பை அளந்து, அந்தப் பாதி எத்தனை சென்டிமீட்டர் என்று திரும்ப எழுதியிருக்கிறேன்.