திருகோணமலை ரோட்டுக்கு 200ஆ, 300ஆ?

மிட்சுபிஷி லான்சர் எவோ 10 காருக்கு 245/40 ஆர்18 அளவில் நான்கு டயர் மாற்ற வேண்டுமென்றால் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று யோகோஹாமா அட்வான் நியோவா ஏடி09. மற்றது மிஷலின் பைலட் ஸ்போர்ட் 4எஸ். டயரின் பக்கச்சுவரில் ட்ரெட்வெயார் (தேய்மான) எண் பொறித்திருக்கும்: முதலாவதில் 200, இரண்டாவதில் 300. எண் குறையக் குறைய, பொதுவாகப் பிடிப்புக் கூடும், டயரும் சீக்கிரம் தேயும்.

காய்ந்த ரோட்டில் நியோவாவுக்குத்தான் என் ஓட்டு. ஸ்டியரிங்கைத் தொட்டதுமே கார் திரும்பும், வளைவில் பக்கச்சுவர் நசியாது. கார்ப் பந்தயத் திடலுக்குப் போகிறவர் யோசிக்கவே வேண்டாம்.

ஆனால் நாங்கள் ஓடுவது திருகோணமலைக்குப் போகும் ஏ6 நெடுஞ்சாலையில். மாரியில் கந்தளாய்ப் பக்கம் ரோட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். அந்தத் தண்ணீரை டயரின் தவாளிப்புகள் (பள்ளக் கோடுகள்) வெளியே தள்ளாவிட்டால் டயர் மிதக்கும். பிரேக்கும் ஸ்டியரிங்கும் பிடிக்காது. 4எஸ்ஸின் சுற்றளவு நெடுகிலும் அகலமான நேர்த் தவாளிப்புகள் ஓடுகின்றன. ஹபரணைப் பக்கம் இரவில் யானை குறுக்கே வந்தால், ஈர ரோட்டில் நிற்க வைக்கும் டயர்தான் வேண்டும். சத்தமும் குறைவு. நான் 4எஸ்தான் போடுவேன், அதுவும் ஐப்பசிக்கு முன்னமே.

எதை வாங்கினாலும் பக்கச்சுவரில் டிஓடி (DOT) என்று தொடங்கும் குறியீட்டின் கடைசி நான்கு இலக்கத்தைக் குனிந்து பாருங்கள். 2324 என்றால் 2024இன் 23ஆவது வாரம் செய்த டயர். கடையில் வருடக்கணக்காகக் கிடந்த டயரை, விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.