பேரெண்ணின் குணம் அறிய: பாரி/ஜிபி மென்பொருள்

இருபது, முப்பது இலக்க எண்ணைக் கொடுத்துப் பகா எண்ணா, மிகை எண்ணா (தன்னை விட்டு மற்ற வகுத்திகளின் கூட்டுத்தொகை எண்ணைவிடப் பெரியதா), எத்தனை வகுத்திகள் என்று கேட்க, பாரி/ஜிபியைவிடப் பொருத்தமான இலவச மென்பொருள் இல்லை என்றே சொல்லலாம். பிரான்சின் போர்தோ பல்கலைக்கழகத்தில் ஆன்ரி கோஹென் தலைமையிலான குழு 1985-இல் தொடங்கியது, இன்றும் வளர்ந்துகொண்டிருக்கிறது.

சோதிக்க நல்ல எண்: 2-இன் 67-ஆம் அடுக்கில் ஒன்று குறைவு, அதாவது 147573952589676412927. காரணிகளாகப் பகுக்கும் 'ஃபேக்டர்' கட்டளை கொடுத்ததும் 193707721 × 761838257287 என்று வருகிறது. 1903-இல் ஃபிராங்க் நெல்சன் கோல் கையால் கணக்கிட்டு அறிவித்த அதே காரணிகள். பகா எண்ணாக இருக்கக்கூடுமா என்று விரைவாகப் பார்க்கும் ஃபெர்மா சோதனையில், 2-ஐ அடிமானமாகக் கொண்டால், இந்த எண் பகா எண்போலவே தேறிவிடும். அந்த ஒற்றைச் சோதனையை நம்பும் சிறு நிரல்கள் இங்கே தவறுகின்றன, பாரி/ஜிபியில் பகா எண்ணா என்று சொல்லும் 'இஸ்பிரைம்' கட்டளை தவறுவதில்லை.

காரணிகள் கிடைத்தால் மற்றவை எளிது. வகுத்திகள் நான்கு. தன்னை விட்டு மற்ற மூன்றின் கூட்டுத்தொகை 762031965009. எண்ணைவிட மிகச் சிறியது, ஆகவே குறை எண். ஒவ்வொரு கேள்விக்கும் எண்ணையே கொடுத்தால் ஒவ்வொரு முறையும் காரணிப்படுத்தல் முதலிலிருந்து நடக்கும். எஃப் = ஃபேக்டர்(என்) என்று ஒருமுறை சேமித்து, 'சிக்மா' (எல்லா வகுத்திகளின் கூட்டுத்தொகை), 'நம்டிவ்' (வகுத்திகளின் எண்ணிக்கை) ஆகியவற்றுக்கு எஃப்-ஐயே கொடுங்கள். பெரிய எண்களில் இது பெருமளவு நேரம் மிச்சப்படுத்தும்.

பலர் கவனிக்காத ஒன்று: 'ஃபேக்டர்' தரும் பெரிய காரணிகள், இயல்பு அமைப்பில், நிரூபிக்கப்பட்ட பகா எண்கள் அல்ல, பிபிஎஸ்டபிள்யூ என்ற விரைவான பகா எண் சோதனையில் தேறியவை. 2-இன் 64-ஆம் அடுக்குக்குக் கீழே அந்தச் சோதனை பிழையற்றது என்று உறுதியாகியுள்ளது. அதற்கு மேல் இதுவரை எதிர்உதாரணம் கிடைக்கவில்லை, ஆனால் நிரூபணமும் இல்லை. கட்டுரையில் எழுதுவதற்கென்றால் 'ஃபேக்டர்_புரூவன்' அமைப்பை 1 ஆக்கிக்கொள்ளுங்கள்.

குறைகளும் உண்டு. 10^20 என்று எழுதினால் முழு எண். 1இ20 என்று எழுதினால் தசம எண்ணாகி, 'இஸ்பிரைம்' பிழை காட்டும். 30!-க்கு 2332800 வகுத்திகள். எண்ணிக்கை மட்டும் வேண்டுமென்றால் 'நம்டிவ்' போதும், எல்லா வகுத்திகளையும் பட்டியலிடும் 'டிவைசர்ஸ்' கேட்டால் ஒதுக்கிய நினைவகம் நிரம்பி நின்றுவிடலாம். அப்போது 'அலோகேட்மெம்' கொண்டு கூட்ட வேண்டும். பிழைச் செய்திகளும் புதியவர்களுக்குப் புரியும்படி இல்லை.

எண்ணை விரிதாளிலிருந்து நகலெடுக்காதீர்கள். எக்செல் 15 இலக்கங்களுக்குப் பின் வருவதைச் சுழியமாக்கிவிடும். வேறொரு எண்ணின் குணங்களே வந்து சேரும். நுழைத்த பின் 'சம்டிஜிட்ஸ்' கொடுத்து இலக்கக் கூட்டலை ஒப்பிடுங்கள். மேலே சொன்ன எண்ணுக்கு அது 109.

இரண்டு சமஅளவுப் பகாக் காரணிகள் கொண்ட 60 இலக்க எண்ணைச் சுலபமாகப் பகுக்கிறது. 100 இலக்கத்தை நெருங்கும்போது மணிக்கணக்காகும். அங்கே காரணிப்படுத்தலுக்கென்றே உள்ள யாஃபு, காடோ-என்எஃப்எஸ் போன்ற மென்பொருள்கள்தான் ஏற்றவை.