இரண்டு மாதச் சம்பளத்தை இரும்பு மாத்திரையில் தொலைத்தேன்

நேற்று இரவு வந்த கடைசிப் பதில்: "உங்கள் புகார் முடித்து வைக்கப்பட்டது." யார் முடித்தார்கள், எப்படி முடித்தார்கள், தெரியாது. என் இரண்டு மாதச் சம்பளம் போனது மட்டும் தெரியும். வீங்கிய விரல்களோடு தட்டச்சு செய்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு முடக்குவாதம். எந்நேரமும் அசதி. ஹீமோகுளோபின் 9.8. இணையத்தில் சத்து மாத்திரை விற்கும் ஒரு தளத்தின் 'ஆலோசகர்' ரத்த அறிக்கையைக் கேட்டார், அனுப்பினேன். பத்து நிமிடத்தில் அழைத்தார். "அக்கா, சீரம் இரும்பு, அதான் ரத்தத்துல ஓடுற இரும்பு, எவ்வளவு குறைவு பாருங்க. அதான் மூட்டும் வலிக்குது, எந்திரிக்கவும் முடியல. ஆறு மாசம் நம்ம மாத்திரை போடுங்க." என் வலியை ஒருவர் இத்தனை பொறுமையாகக் கேட்டு நாளாகியிருந்தது. அந்த 'அக்கா'வில்தான் விழுந்தேன். ஆறு மாதப் பணத்தையும் ஒரேயடியாகக் கட்டினேன். இரண்டு மாதச் சம்பளம்!

அதே அறிக்கையில் அடுத்த வரியிலேயே ஃபெரிட்டின், அதாவது உடம்பில் சேமித்திருக்கும் இரும்பைக் காட்டும் அளவு, 310 என்று இருந்தது. குறைவே இல்லை. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

மூன்று மாதம் விழுங்கினேன். மலச்சிக்கல், வயிற்றெரிச்சல், கறுத்த மலம். ஹீமோகுளோபின் 9.7. கேட்டால் "உடம்பு ஏத்துக்க நேரம் ஆகும்". அப்புறம் "பொறுமை வேணும்". அப்புறம் 'அக்கா' போய் "வாடிக்கையாளரே". பெட்டியைப் பிரித்துவிட்டதால் பணம் திரும்பாதாம். பிரிக்காமல் எப்படி விழுங்குவது?

தள்ளிப்போட்டிருந்த மூட்டுவாத மருத்துவரை ஒருவழியாகப் பார்த்தேன். இரும்பு இல்லாமல் இல்லை, பூட்டிக் கிடக்கிறது என்றார். முடக்குவாதம் போன்ற அழற்சி இருக்கும்போது இன்டர்லூகின்-6 என்ற புரதம் கல்லீரலைத் தூண்ட, அது ஹெப்சிடின் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. செல்லிலிருந்து இரும்பு வெளியேறும் வாசல் ஃபெரோபோர்ட்டின். ஹெப்சிடின் அதை அடைத்துவிடும். குடலிலிருந்து இரும்பு சரியாக ஏறாது, சேமிப்பிலிருந்தும் இறங்காது. முதலில் அழற்சியை அடக்க வேண்டுமாம்.

இன்னொன்றைக் கேட்டு நடுங்கிவிட்டேன். வலி மாத்திரையால் வயிற்றில் ரத்தம் கசிந்தாலும் மலம் கறுக்கும். இரும்பு மாத்திரையின் கறுப்பில் அது தெரியாமலே போகலாம்.

சரி, விவரமாக எழுத நினைத்தேன், கை வலிக்கிறது. சீரம் இரும்பை மட்டும் பார்த்து மாத்திரை வாங்காதீர்கள். ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் சாச்சுரேஷன் (ரத்தத்தில் இரும்பைச் சுமக்கும் புரதம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பது), சி.ஆர்.பி. (அழற்சியைக் காட்டும் பரிசோதனை) மூன்றையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லுங்கள். அழற்சியில் ஃபெரிட்டின் தானாகவே ஏறும், அதனால் நார்மல் என்று வந்தாலும் உண்மையான குறைவு ஒளிந்திருக்கலாம். அதை மருத்துவர் சொல்லட்டும், விற்பவர் அல்ல. முன்பணம் கட்டவே கட்டாதீர்கள். மீதி மூன்று மாத மாத்திரை என் அலமாரியில் கிடக்கிறது, ஒரு மாதச் சம்பளம்.