ஐந்து வருடமாக போனில் டாக்டர்: அம்மாவின் சுகரும் ஊறுகாய் ஜாடியும்

அம்மாவுக்குச் சுகர் பதினெட்டு வருடமாக. பிரஷர் அதற்குப் பின்னால் வந்து சேர்ந்தது. இருப்பது சங்கரன்கோவில் பக்கம் ஒரு கிராமம், வழக்கமான டாக்டர் திருநெல்வேலியில். ஒருநாள் போய்வந்தால் மறுநாள் முழுக்கப் படுக்கைதான். 2020 ஊரடங்கில் பஸ் நின்ற பிறகுதான் போன் வைத்தியத்துக்கு வந்தோம்.

முதலில் பார்த்தது அரசின் இ-சஞ்சீவனி. அந்த ஏப்ரலில்தான் வீட்டிலிருந்தே டாக்டரிடம் பேசும் வசதியை அதில் திறந்திருந்தார்கள். போன் நம்பர், ஓடிபி, டோக்கன், வரிசை. காசு கிடையாது. பேசி முடித்ததும் மருந்துச் சீட்டு போனுக்கே வந்துவிடும். சளி, காய்ச்சல் என்றால் இன்றும் அதைத்தான் சொல்வேன். ஆனால் ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர். அத்தனை வருடக் கதையை முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

அடுத்து ஒரு தனியார் ஆப். பெயர் வேண்டாம். நாலு நிமிடத்தில் பேச்சு முடிந்து சீட்டு வந்தது, மாத்திரையும் வீட்டுக்கே வந்தது. அம்மா பழைய மாத்திரையோடு அதையும் சேர்த்துப் போட ஆரம்பித்துவிட்டார். பத்து நாளாக ஒரே வயிற்றுப்போக்கு. அப்போதுதான் திருநெல்வேலி டாக்டரே வீடியோவில் பார்க்கத் தொடங்கியிருந்தார். "போடுற மாத்திரை அட்டை எல்லாத்தையும் ஒண்ணொண்ணா காமிங்கம்மா" என்றார். இரண்டு அட்டையிலும் மெட்ஃபார்மின் என்ற ஒரே சுகர் மருந்து, கம்பெனிப் பெயர்தான் வேறு. பழைய சீட்டைக் கேட்காமலே எழுதிக் கொடுத்திருந்தார்கள்!

அன்றைக்கு போனைப் பிடித்திருந்தவன் அக்கா மகன். அட்டையை எடுக்கத் திரும்பியபோது அலமாரியும் கேமராவில் விழுந்துவிட்டது. டாக்டர் சிரித்தபடி, "அந்த ஜாடியில என்னம்மா?" என்றார். கிளினிக்கில் உட்கார்ந்து "உப்பே சேர்க்கிறதில்ல டாக்டர்" என்று வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர் அம்மா. நாரத்தங்காய் ஊறுகாய், அதுவும் அரை ஜாடி காலி. பிரஷர் ஏன் இறங்கவில்லை என்று எனக்கும் அன்றுதான் புரிந்தது.

முன்பெல்லாம் டாக்டர் என்றால் அம்மாவுக்குப் பயம். இப்போது அவர் வீட்டுக்குள் வந்துபோகிறவர் மாதிரி. அழைப்பு வரும் நாளில் பத்து நிமிடம் முன்பே பவுடர் பூசி உட்கார்ந்துவிடுகிறார். டாக்டர் பாடு சிரமம்தான். இரவு ஒன்பதரைக்கு "டாக்டர் தம்பி, கால் குறுகுறுங்குது" என்று அம்மா வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்புகிறார். நான் தடுத்தும் நிற்கவில்லை.

பக்கத்து வீட்டுப் பெரியம்மா போடும் தூக்க மாத்திரையைத் தனக்கும் எழுதச் சொல்லிக் கேட்டதும் உண்டு. போனில் பார்த்து எழுதவே கூடாத மருந்துகள் என்று 2020 மார்ச்சில் வந்த மத்திய அரசு வழிகாட்டுதலில் ஒரு பட்டியல் இருக்கிறது. இதுவும் அதில் வரும் என்று டாக்டர் மறுத்துவிட்டார். அம்மாவுக்கு ஒரு வாரம் கோபம். எனக்கு அந்த டாக்டர்மேல் மரியாதை கூடியது. அதே வழிகாட்டுதல்படி, நேரில் காட்டி ஆறு மாதத்துக்குள் அதே நோய்க்காக அதே டாக்டரிடம் பேசினால்தான் தொடர் சிகிச்சைக் கணக்கில் வரும்.

போன் கைவிட்ட இடம் கால். ஒருமுறை டாக்டர் சும்மா கேட்பதுபோல், "நடக்கும்போது செருப்பு கழண்டு போறது தெரியுதாம்மா?" என்றார். இரண்டு தடவை தெரியாமலே வாசலில் விட்டுவிட்டு வந்திருக்கிறார் அம்மா. உடனே நேரில் வரச் சொன்னார். மெல்லிய நைலான் இழையால் பாதத்தைத் தொட்டுப் பார்த்ததில் வலது காலில் மூன்று இடத்தில் உணர்வே இல்லை. கேமராவில் அந்தக் கால் நன்றாகத்தான் தெரிந்திருந்தது.

அதிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி, நடுவில் மாதம் ஒரு வீடியோ. அப்படித்தான் ஓடுகிறது. வீடியோ நாளில் மட்டும் ஊறுகாய் ஜாடி அலமாரியில் இருப்பதில்லை என்று அக்கா மகன் சொல்கிறான்.