லோ யாட்ல வாங்குன பழைய திங்க்பேட், 4 வருஷத்துக்கு அப்புறம்

2021 கடைசில கோலாலம்பூர் லோ யாட் கம்ப்யூட்டர் மால்ல, பழசச் சரி பண்ணி விக்கிற ரீஃபர்பிஷ்ட் கடை ஒன்னுல திங்க்பேட் டி480 லேப்டாப் ஒன்னு 1,450 வெள்ளிக்கு (ரிங்கிட்) எடுத்தேன். மூடில எந்தக் கம்பெனியோ ஒட்டுன ஸ்டிக்கரோட கோந்து பிசுபிசுன்னு இருந்துச்சு, ஸ்பேஸ்பார் தேஞ்சு பளபளன்னு கெடந்துச்சு, யாரோ பாவம் மூணு வருஷம் எக்செல்ல மாரடிச்சிருக்காங்க.

அன்னைக்கே அக்கா மவனுக்கு யுனிவர்சிட்டிக்குப் புது லேப்டாப்பும் வாங்குனோம், 2,199 வெள்ளி, பிராண்ட் பேரு வேணாம். கடைக்காரப் பையன் அஞ்சு கம்பெனிய வரிசையா தொறந்து வச்சான், அஞ்சுலயும் இன்டெல் சிப், 8 ஜிபி ரேம், விண்டோஸ், வெல கூட அம்பது நூறு வெள்ளிதான் வித்தியாசம். அக்கா கேட்டுச்சு, "தம்பி, இதுல எந்த லேப்டாப்புக்கு நல்ல பேக் குடுப்பாங்க?" நான் சிரிச்சேன், ஆனா யோசிச்சா அது கேட்டதுதான் சரி, கண்ணுக்குத் தெரியிற வித்தியாசம் அது ஒன்னுதான்.

தெரியாத வித்தியாசம் அந்தப் புது லேப்டாப்ல 14ஆவது மாசம் தெரிஞ்சுச்சு. வாரண்டி 12 மாசம் லா. மூடிய தொறந்தப்ப "டக்"னு ஒரு சத்தம், ஓரம் பொளந்துக்கிச்சு. ரிப்பேர் கடை அண்ணன் கழட்டிக் காட்டுனாரு, மூடி மடங்குற ஹிஞ்சோட ஸ்க்ரூ போறது பிளாஸ்டிக்ல பதிச்ச குட்டி பித்தளக் குழாய்ல, அது பிளாஸ்டிக்கோட பேந்து வந்து கைல உருளுது. எல்லாரும் ஒரே சிப்ப வாங்கி ஒரே வெலைக்கு விக்கணும்னா காச எங்க மிச்சம் புடிப்பான், இங்கதான்.

இதுக்கு வித்து போட்டது ஐபிஎம்தான். 1981ல பிசி கொண்டாந்தப்ப அவசரத்துல சிப்ப இன்டெல்கிட்ட, டாஸ்ங்கற ஆப்பரேட்டிங் சிஸ்டத்த மைக்ரோசாஃப்ட்கிட்ட வாங்குனாங்க, சொந்தம்னு சொல்ல, ஆன் பண்ணதும் மொதல்ல ஓடுற பயாஸ் புரோகிராம்தான் முக்கியமா இருந்துச்சு. அதையும் காப்பி அடிக்காம புதுசா எழுதி காம்பேக் 1982லயே அதே மாதிரி மெஷின அறிவிச்சிட்டான், அப்புறம் ஊரே செய்ய ஆரம்பிச்சிருச்சு. கடைசில 2005ல ஐபிஎம் பிசி தொழிலையே லெனோவோக்கு வித்துட்டு போயிருச்சு, 1992ல இருந்து வந்த திங்க்பேடையும் சேத்து.

ஆப்பிளும் 1995 வாக்குல மத்த கம்பெனிங்க மேக் மாதிரியே குளோன் செய்ய லைசென்ஸ் குடுத்துப் பாத்துச்சு, ஸ்டீவ் ஜாப்ஸ் திரும்பி வந்து 1997ல மூடிட்டாரு. அந்தக் கதவு மூடுனது என் சித்தப்பா மவளுக்கு லாபம், அவ ஆப்பிளோட எம்1 மேக்புக் ஏர மூணரை வருஷம் ஓட்டிட்டு பாதி வெலைக்கு வித்தா. பக்கத்துல வச்சு ஒப்பிட இன்னொரு கம்பெனி மேக் கெடையாதுல்ல. விண்டோஸ் மெஷின் எவ்ளோ ஒஸ்தியா இருந்தாலும் புது சிப் வந்ததும் செகண்ட் ஹேண்ட் வெல சரிஞ்சிரும், கம்பெனிங்க லீஸ் முடிஞ்சு மொத்தமா தள்ளுறப்ப இன்னும் சரியும். ஒடம்பு அப்படியேதான் இருக்கு, வெல மட்டும் விழுந்துருச்சு. நான் வாங்குனது அந்த எடத்துலதான்.

நாலு வருஷத்துல செலவுன்னு பாத்தா, ரேம் ஸ்லாட் ரெண்டு இருக்குறதால 16 ஆக்குனேன், வெளில மாட்டுற பேட்டரி ஒரு தடவ மாத்துனேன், கழட்டி மாட்ட பத்து செகண்டு. மாமாக் சாப்பாட்டுக் கடைல தே தாரேக் டீ கீபோர்டு மேல கவுந்துச்சு, அடில தண்ணி வடிய ஓட்டை வச்சிருக்கான், தலகீழா புடிச்சேன், வடிஞ்சிருச்சு. ரெண்டு நாளு சீனிப் பிசுக்கு, அவ்ளோதான். ஒன்றரை கிலோவுக்கு மேல கனம், எல்ஆர்டி ரயில்ல நின்னுக்கிட்டே போனா தோளு சொல்லும்.

வாங்கப் போறவங்க இன்டெல் எட்டாம் ஜெனரேஷன் சிப்புக்குக் கீழ எடுக்காதீங்க, விண்டோஸ் 11 முறையா ஏறாது, 10க்கு இலவச சப்போர்ட் 2025 அக்டோபர் 14ஓட முடிஞ்சிருச்சு. திங்க்பேட்னா கடைல நிக்கும்போதே ஆன் பண்ணி எஃப்1 அமுக்கி பயாஸ்குள்ள போயி பாருங்க, பாஸ்வேர்ட் கேட்டுச்சுன்னா அது பழைய கம்பெனி பூட்டு, பர்ஸ எடுக்காம அடுத்த மெஷின காட்டச் சொல்லுங்க.